ஓடித் தேய்ந்த வண்டியும் நின்று கெட்ட வண்டியும்

பெரம்பூரிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா 1987இல் வாங்கிய புல்லட் 350. அப்பா காலமான பிறகு இரண்டரை ஆண்டுகள் வீட்டை ஒட்டிய சந்தில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருக்கிறது. போன மாதம் புது பேட்டரி போட்டு, கார்புரேட்டரை மேலோட்டமாகத் துடைத்து ஓட்டத் தொடங்கியிருக்கிறார். இப்போது நான்கு தொல்லைகள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐந்து நிமிடம் நீலப் புகை. சிலிண்டர் பக்கம் ஓயாத 'டிக் டிக்'. பல்லாவரத்துக்கு வேலைக்குப் போகும் வழியில், கத்திப்பாரா மேம்பாலத்திலிருந்து ஆக்சிலரேட்டரை மூடிக்கொண்டு இறங்கும்போது சைலென்சரில் பட்டாசு போல வெடிக்கிறது. இரண்டு முறை கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கிவிட்டது. பட்டறையில் காட்டினால், "எஞ்சின் போய்விட்டது, போர் போட வேண்டும், கிராங்க்கையும் பிரிக்க வேண்டும்" என்கிறார்களாம். போர் போடுவது என்றால் சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது; கிராங்க் என்பது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. எஞ்சினைப் பிரிக்கலாமா என்பது கேள்வி.

தம்பி, இப்போது பிரிக்காதீர்கள்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது சத்தங்கள் அல்ல, அந்த இரண்டரை ஆண்டுகள்தான். வண்டியை நிறுத்துவதற்கு முந்தைய வாரம்கூட அப்பா அதில் திருவள்ளூர் வரை போய்வந்தார், அப்போது எந்தக் குறையும் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இந்த நான்கு தொல்லைகளும் வண்டி நின்றிருந்த காலத்தில் வந்தவை. தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும் வண்டியில் சிலிண்டர் போர் தேயாது. பிஸ்டன் தண்டு கிராங்க்கோடு சேரும் பேரிங்கான பிக் எண்டும் தேயாது. தேய்மானம் ஓட்டத்தில் வருவது. நின்ற வண்டியில் வருபவை வேறு: பெட்ரோல் காய்ந்து கார்புரேட்டரின் ஜெட் என்னும் சிறு துளையில் பிசினாகப் படியும், எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தை விட்டுக் கீழே இறங்கும், நகர வேண்டிய சிறு பாகங்களில் துரு பிடிக்கும், கேபிள்கள் இறுகும், பேக்கிங்குகள் வறண்டு சுருங்கும். இரண்டு வடகிழக்குப் பருவமழையைச் சென்னையின் ஈரக் காற்றில் கழித்த வண்டியில் இவை அத்தனையும் நடந்திருக்கும். போர் போடுவது தேய்மானத்துக்கு மருந்து. உங்கள் வண்டியின் நோய் அதுவல்ல என்றே நினைக்கிறேன். காரணத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நீங்களே சோதித்துப் பாருங்கள்.

முதலில் கிக்கர். மற்றவை வண்டியைத்தான் கெடுக்கும், இது உங்கள் காலை உடைக்கும்.

கிக்கர் ஏன் திருப்பி அடிக்கிறது? பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்கு வெகு முன்பே பொறி விழுந்தால், எரிந்த வாயு பிஸ்டனை வந்த வழியே கீழே தள்ளுகிறது. எஞ்சின் பின்னோக்கிச் சுழல முயல்கிறது, அந்த விசை உங்கள் காலில் இறங்குகிறது. வேகமாக ஓடும் எஞ்சினுக்குப் பொறி சற்று முன்னதாகவே வேண்டும். காலால் உதைக்கும் மெதுவான வேகத்தில் அது கிட்டத்தட்ட உச்சியில்தான் விழ வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வதற்காக பொறியை விழவைக்கும் சுவிட்சான பாயிண்ட்டின் பிளேட்டுக்கு அடியில் இரண்டு சிறு எடைக் கட்டைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் உள்ள ஆட்டோ அட்வான்ஸ் இருக்கிறது. வேகம் கூடும்போது எடைகள் விரிந்து பொறியை முன்னுக்குத் தள்ளும், வேகம் குறைந்தால் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். துருப்பிடித்து விரிந்த நிலையிலேயே அது ஒட்டிக்கொண்டால், நீங்கள் உதைக்கும்போதும் பொறி முன்னதாகவே விழும்.

வலப்பக்கம் பாயிண்ட் மூடியைக் கழற்றுங்கள். நடுவில் இருக்கும், பாயிண்ட்டைத் திறந்துவிடும் கேமை, அது சுழலும் திசையில் விரலால் மெல்லத் திருப்புங்கள். சில டிகிரி நகர்ந்து, விட்டவுடன் பட்டென்று திரும்பி வர வேண்டும். நகரவே இல்லை என்றாலோ, நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டாலோ, மணல் உரசுவது போல் கரகரத்தாலோ குற்றவாளி கிடைத்துவிட்டான். பிளேட் இருந்த இடத்தை ஒரு கோடு கீறி அடையாளம் செய்துகொண்டு பிறகு கழற்றுங்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மென்மையான உப்புத்தாளால் துருவை எடுத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மாட்டுங்கள். ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். அதிக எண்ணெய் பாயிண்ட் முகத்தில் தெறித்துக் கருகும்.

அடுத்து பாயிண்ட் இடைவெளி. இடைவெளியை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். கண்ணளவில் வைத்தால் இடைவெளி கூடிவிடும். கூடினால் பாயிண்ட் முன்னதாகவே திறக்கும், பொறியும் முன்னதாகவே விழும். இடைவெளி மாறினால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், மாறும் என்பதால், இடைவெளியைச் சரிசெய்த பிறகுதான் டைமிங்கைப் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்பவர்கள் ஒரே வேலையை நாள் முழுவதும் செய்துகொண்டிருப்பார்கள்.

உதைக்கும் முறையும் முக்கியம். சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்துங்கள். மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டரின் முள் இடப்பக்கம் சாய்வதும் நடுவுக்கு வருவதுமாக இருக்கும். கால் கெட்டியாக முட்டி நிற்கும் இடத்தில், முள்ளும் நடுவில் நிற்கும்போது, சிலிண்டரின் அழுத்தத்தைத் திறந்துவிடும் டிகம்பிரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வர விட்டு, இப்போது தயங்காமல் முழுக் கால் உதையுங்கள். பாதி மனதோடு உதைப்பதுதான் கணுக்காலுக்கு ஆபத்து. உங்கள் அப்பா இதை யோசிக்காமலேயே செய்திருப்பார்.

புகை விஷயத்துக்கு வருகிறேன். போர் போட வேண்டும் என்பதற்குப் பட்டறையில் இதையே சாட்சியாகக் காட்டியிருப்பார்கள். ஆனால் நேரத்தைக் கவனியுங்கள். ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்த வண்டி சூடான பிறகும் புகைக்கும், பாரம் இழுத்து ஆக்சிலரேட்டரைத் திருகும்போது இன்னும் அதிகமாகப் புகைக்கும். வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு தேய்ந்திருந்தால், மேம்பாலத்திலிருந்து மூடிக்கொண்டு இறங்கி மறுபடி திறக்கும் அந்த நொடியில் ஒரு குபீர்ப் புகை வரும். இரண்டும் இல்லாமல் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் வந்து நின்றுவிடும் புகை, புல்லட் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை. இந்த எஞ்சினில் எண்ணெய் தங்கும் அறையும் கிராங்க் சுழலும் அறையும் வேறு வேறு. வண்டி வெகுநாள் நின்றால் எண்ணெய் பம்பின் சந்துகள் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் அறையில் தேங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் கிராங்க் அதை வாரி இறைக்கும், கொஞ்சம் எரிந்து நீலமாக வெளியேறும். பம்ப் எண்ணெயைத் திரும்ப இழுத்து முடித்ததும் புகை நின்றுவிடும். கிராங்க் அறையின் அடியிலுள்ள வடிகால் போல்ட்டைக் கழற்றி, தேங்கியதை ஒரு தட்டில் வடித்துப் பாருங்கள். கால் லிட்டருக்கு மேல் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இரண்டரை ஆண்டு நின்ற எண்ணெயில் ஈரம் சேர்ந்திருக்கும் என்பதால், எண்ணெயையும் ஃபில்டரையும் முழுதாகவே மாற்றிவிடுங்கள்.

வடித்த எண்ணெயைக் கீழே கொட்டிவிடாதீர்கள், அதை வைத்து இன்னொரு வேலை இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

இப்போது 'டிக் டிக்'. எஞ்சின் சத்தத்தை எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். இரும்பு சிலிண்டரிலும் அலுமினிய கேஸிலும் சத்தம் நாலாபக்கமும் ஓடும். எப்போது வருகிறது என்று கேளுங்கள். ஐடிலில் விட்டுவிட்டு சைலென்சரின் 'தப் தப்'பைக் கேளுங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு 'தப்'. வால்வுகளும் அதே கணக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் திறக்கும். ஆகவே ஒரு 'தப்'புக்கு ஒரு 'டிக்' என்றால் வால்வு பக்கம் சந்தேகப்படலாம். ஒரு 'தப்'புக்குச் சம இடைவெளியில் இரண்டு தட்டு என்றால் கிராங்க்கோடு சுற்றும் ஏதோ ஒன்று. வால்வுகளைத் தள்ளித் திறக்கும் இரண்டு டாப்பெட்டும் தளர்ந்திருந்தாலும் இரண்டு 'டிக்' கேட்கும், ஆனால் அவை சமமாக விழாமல் நொண்டி நடப்பது போல் விழும். இது பொன் நிறுக்கும் தராசு அல்ல, ஆனாலும் பாதிச் சந்தேகங்களை இது ஒன்றே தீர்த்துவிடும். நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக் கேட்பதும் உதவும். மேலே ராக்கர் மூடியில் ஒரு முறை, கீழே டாப்பெட் மூடியில் ஒரு முறை, டைமிங் மூடியில் ஒரு முறை வைத்து ஒப்பிடுங்கள். கையும் காதும் கவனம், செயின் பக்கம் போகவே வேண்டாம்.

டாப்பெட்டைப் பார்க்க எஞ்சின் இரவு முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். காலையில் பிளக்கைக் கழற்றிவிட்டு, கடைசி கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்திருந்தால் காற்று விரலைத் தள்ளும் சுற்று தெரியும். அந்தச் சுற்றில், பழைய சைக்கிள் ஸ்போக் ஒன்றை ஓட்டைக்குள் விட்டுப் பிஸ்டன் உச்சிக்கு வருவதைப் பாருங்கள். ஸ்போக்கைக் கையை விட்டு உள்ளே விழச் செய்துவிடாதீர்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். வலப்பக்கம் சிலிண்டரின் அடியில் ஒற்றை நட்டில் நிற்கும் சிறு மூடியைத் திறந்தால் வால்வுகளை இயக்கும் கம்பிகளான புஷ் ராடுகளின் அடிப்பகுதி தெரியும். இந்த எஞ்சினுக்கு ஃபீலர் கேஜ் தேவையில்லை. ராடு விரலுக்குத் தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் மயிரிழை தளர்வாக விடுவேன், அந்த வால்வுதான் அதிகம் சூடாகி நீள்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சத்தம் போடும் டாப்பெட்டைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம், சத்தமே இல்லாத டாப்பெட்டைக் கண்டு பயப்படுங்கள். சத்தத்தை அடக்க வேண்டும் என்று இறுக்கிவிட்டால், சூட்டில் வால்வு நீண்டு, சீட்டில் முழுதாக உட்கார முடியாமல், நெருப்பு அந்தச் சந்தில் பீறிட்டு வால்வைத் தின்றுவிடும். "சத்தம் போய்விட்டது" என்று மகிழ்ந்த வண்டி இரண்டே மாதத்தில் கம்பிரஷன் இல்லாமல் நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் வண்டியில் டாப்பெட்டைத் தொடுவதற்கு முன் டிகம்பிரஷன் கேபிளைப் பாருங்கள். லீவரை விட்ட நிலையில் கேபிளில் சிறிதளவாவது தொய்வு இருக்க வேண்டும். உள்ளே துருப்பிடித்து இறுகிய கேபிள், எக்ஸாஸ்ட் வால்வின் டாப்பெட்டை லேசாகத் தூக்கியபடியே வைத்திருக்கும். அப்போது தட்டும் சத்தமும் வரும், கம்பிரஷனும் குறையும், சைலென்சரில் வெடிக்கவும் செய்யும். மூன்று நோய்க்கும் காரணம் ஒரு கேபிள்! இதைப் பார்க்காமல் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைப் பிரித்தவர்கள் எத்தனையோ பேர்.

எனக்கே ஓர் அனுபவம் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் வேலை காரணமாக ஓராண்டுக்கு மேல் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பினேன். என் வண்டியும் உங்கள் வண்டி போலவே நின்றிருந்தது. ஓட்டியதும் அடியில் 'சளக் சளக்' என்று ஒரு சத்தம். அப்போது எனக்கு இவ்வளவு தெரியாது. நகரில் ஒரு பட்டறையில் சொன்னதை நம்பிப் போர் போட்டு, புதுப் பிஸ்டன் மாட்டி, ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வந்தேன். தெருமுனை திரும்புவதற்குள் அதே சத்தம். பிறகு நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை இடப்பக்க பிரைமரி மூடியைக் கழற்றினேன். ஃபுட் ரெஸ்டையும் பிரேக் பெடலையும் எடுத்துவிட்டால், நடுவில் ஒரே ஒரு நட்டு. உள்ளே எண்ணெய் முழுவதும் கசிந்துபோய், எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயின் துருவேறிச் சில கண்ணிகள் மடங்காமல் விறைத்து நின்றன. புதுச் செயின் போட்டதும் சத்தம் போயிற்று. நல்ல நிலையில் இருந்த சிலிண்டரிலிருந்து நான் வெட்டி எடுத்த இரும்பு எடுத்ததுதான். ஒரு சிலிண்டரைச் சில முறைதான் போர் போட முடியும், பிறகு உள்ளே புது உருளையான ஸ்லீவ் போட வேண்டிவரும். அந்த வருத்தம்தான் இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

ஆகவே பிரைமரி செயினையும் பாருங்கள். நடுவில் விரலால் தூக்கினால் சுமார் 6 மில்லிமீட்டர் ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து இடங்களில் பாருங்கள். மிகவும் இறுக்கமாக இருக்கும் இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அதே மூடிக்குள் ஆல்டர்னேட்டர் ரோட்டரும் இருக்கிறது. அதன் நட்டு தளர்ந்து ரோட்டர் ஆடினால், பிக் எண்ட் போன வண்டி போலவே தொம் தொம் என்று அடிக்கும். கையால் அசைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். நியூட்ரலில் கிளட்சைப் பிடித்ததும் ஒரு சத்தம் மறைந்தால், அது எஞ்சினுடையது அல்ல, கிளட்ச் அல்லது கியர் பாக்ஸ் பக்கத்தது.

இனி வெடிச் சத்தம். இரண்டு வகை வெடிப்புகளை ஒரே பெயரில் சொல்லிக் குழப்பிக்கொள்கிறோம். கார்புரேட்டர் வழியாகத் தும்முவது ஒன்று, சைலென்சரில் வெடிப்பது வேறொன்று. கார்புரேட்டரில் தும்மினால் கலவையில் பெட்ரோல் மிகக் குறைவு, அல்லது இன்லெட் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது டைமிங் தாறுமாறாக இருக்கிறது என்று பொருள். உங்களுடையது சைலென்சரில்.

சைலென்சரில் வெடிக்க மூன்று பொருள்கள் அங்கே சேர வேண்டும்: எரியாத பெட்ரோல், காற்று, சூடு. நீங்கள் ஆக்சிலரேட்டரை மூடிக்கொண்டு இறங்கும்போது சிலிண்டருக்குள் மிகக் கொஞ்சம் கலவைதான் போகிறது. பழைய புகையும் அதோடு கலந்துவிடுவதால் சில சுற்றுகளில் அது பற்றிக்கொள்ளாமலேயே வெளியே வந்துவிடும். குழாய் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கிறது. அங்கே வெளிக்காற்றும் புகுந்தால் டமார். நிதானமாக ஓடும்போது வெடிக்காமல் மூடும்போது மட்டும் வெடிப்பதால், நான் முதலில் தேடுவது இரண்டு இடங்களை: புகையை வெளியே கொண்டுபோகும் வளைந்த குழாயான பெண்ட் பைப் ஹெட்டில் செருகும் இடமும், அது சைலென்சரோடு சேரும் இடமும். குளிர்ந்திருக்கும்போது அங்கே கறுப்புப் புகைக் கோடு தெரிகிறதா பாருங்கள். ஸ்டார்ட் செய்து, தடித்த ஈரத்துணியால் சைலென்சர் வாயை ஒரே ஒரு நொடி அடைத்துப் பிடியுங்கள். எஞ்சின் திணற வேண்டும். திணறாமல் எங்கோ 'புஸ் புஸ்' என்றால் அங்கேதான் ஓட்டை. எக்ஸாஸ்ட் ஒழுக்கின் சத்தம் டாப்பெட் சத்தம் போலவே கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் 'டிக் டிக்'கில் பாதி இதுவாகவே இருக்கலாம்.

அடுத்தது பைலட் ஜெட். ஐடிலிலும் ஆக்சிலரேட்டர் மூடிய நிலையிலும் பெட்ரோல் போவது இந்த மெல்லிய துளை வழியாகத்தான். காய்ந்த பெட்ரோலின் பிசின் முதலில் அடைப்பதும் இதைத்தான். வெளியே துடைத்தால் போதாது. ஜெட்டைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வட்டமான துளை தெரிகிறதா பார்த்து, கிளீனர் விட்டு, காற்றடித்து எடுக்க வேண்டும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதானால் அந்த ஜெட் பயன்படாது. ஏர் ஸ்குரூவை முழுதாக மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். உங்கள் வண்டியிலுள்ள மிக்கார்ப் வகை கார்புரேட்டரில் அந்த ஸ்குரூவை உள்ளே திருப்பினால் பெட்ரோல் விகிதம் கூடும், வெளியே திருப்பினால் குறையும்.

கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள பேக்கிங் காற்று வாங்குகிறதா என்றும் பாருங்கள். ஐடிலில் ஓடும்போது சோப்புத் தண்ணீரை அந்த மூட்டில் தெளியுங்கள். ஓட்டத்தின் சத்தம் மாறினால் காற்று புகுகிறது. இதற்குப் பெட்ரோல் தெளிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சூடான எஞ்சினில் ஒருபோதும் அதைச் செய்யாதீர்கள்.

1987இல் இல்லாத ஒரு காரணமும் இப்போது சேர்ந்திருக்கிறது. இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலந்த பெட்ரோலுக்கு 13.5 அளவில் வரும். புது வண்டிகளில் கணினி இதைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். உங்கள் கார்புரேட்டருக்கு அது தெரியாது. பழைய பெட்ரோலுக்கு வைத்த ஜெட்டில் புதுப் பெட்ரோலை ஊற்றினால், கலவையில் காற்று ஓங்கிவிடும். ஏர் ஸ்குரூவைக் கால் சுற்று உள்ளே வைப்பதும், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி நீடிலை உயர்த்துவதும் பெரும்பாலும் போதும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பர்க் குழாயையும் இளக்கும். டாங்கியில் இருக்கும் பெட்ரோலை முழுதாக வடித்து, கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தனியாக ஓர் அடுக்கு தேங்கினால் தண்ணீர். பெட்ரோல் குழாயைப் புதிதாக மாற்றிவிடுங்கள், செலவு மிகக் குறைவு.

காரணம் பெட்ரோலா, பொறியா என்று சந்தேகம் வந்தால் ஓர் எளிய சோதனை. வெடித்துக்கொண்டிருக்கும்போது சோக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். வெடிப்பு குறைந்தால் பெட்ரோல் பற்றாக்குறை. அப்படியே இருந்தாலோ மோசமானாலோ பொறியைப் பாருங்கள். பொதுவாகப் பெட்ரோல் கோளாறு மெல்ல வந்து மெல்லப் போகும். பொறிக் கோளாறு பட்டென்று வெட்டும். பாயிண்ட்டில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டன்சர் போன வண்டி காலையில் நன்றாக ஓடி, சித்திரை வெயிலில் சைதாப்பேட்டை சிக்னலில் சூடாக நிற்கும்போது மிஸ்ஸிங் ஆகும். பாயிண்ட் திறக்கும்போது அங்கே பளீரென்று பொறி பறந்தால் கண்டன்சரை மாற்றுங்கள். கேமில் உரசும் பாயிண்ட் ஹீல் தேய்ந்து இடைவெளி குறைந்தால் பொறி தாமதமாகும். தாமதமான பொறி கலவையைப் பாதி எரியும்போதே வெளியே தள்ளும். அதனாலும் வெடிக்கும், பெண்ட் பைப் ஹெட்டுக்கு அருகே நீலம் பாயும். ஏற்கெனவே சொன்ன ஆட்டோ அட்வான்ஸ் மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டாலும் இதே கதைதான். பேட்டரி காயில் முறையில் ஓடும் வண்டி என்பதால் பேட்டரி கிளிப்புகளும் எர்த்தும் துருவில்லாமல் இருக்க வேண்டும். புது பிளக் போட்டால் இடைவெளியை 0.5 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் வையுங்கள்.

பிளக்கின் நிறத்தைப் பார்க்கும் வழக்கம் நல்லதுதான். வெளுத்திருந்தால் காற்று அதிகம், கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், எண்ணெய் மினுங்கினால் ரிங் அல்லது கைடு. ஆனால் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றுபோன பிறகு அந்த நிறங்கள் முன்போல் தெளிவாகப் பேசுவதில்லை. அதை மட்டும் வைத்து ஜெட்டை மாற்றாதீர்கள்.

பாகங்கள் வாங்க ஜி.பி. ரோடு போவீர்கள். கழற்றிய பழையதை எடுத்துக்கொண்டு போய், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். பாயிண்ட்டும் கண்டன்சரும் மலிவாக வாங்கும் பொருள்களல்ல. கேபிளும் பேக்கிங்கும் எங்கே வாங்கினாலும் சரி. பழைய இரும்புப் பாகம் ஏதேனும் தேவைப்பட்டால் புதுப்பேட்டையில் தேடலாம்.

பிரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரித்தே ஆக வேண்டிய வண்டியும் உண்டு. அதற்குத்தான் வடித்த எண்ணெயை வைத்திருக்கச் சொன்னேன். வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவுங்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம். ஊசி போன்ற எஃகுச் செதில்கள் ஒட்டினாலோ, துணியில் பித்தளை நிற மினுக்கு தெரிந்தாலோ பேரிங் அல்லது புஷ் உதிர்கிறது. அதோடு, பாரம் இழுக்கும்போது அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற கனத்த தட்டு, வேகத்தோடு சேர்ந்து வளர்ந்து, சூடானால் இன்னும் உரக்கக் கேட்டால், அது பிக் எண்ட். அந்த வண்டியை அதற்கு மேல் ஒரு தெருகூட ஓட்டாதீர்கள். மாறாக, குளிரில் மட்டும் கேட்டு, நான்கைந்து கிலோமீட்டரில் அடங்கிவிடும் மந்தமான தட்டு பிஸ்டனுடையது. பல ஆண்டுகள் அதோடு ஓட்டலாம். ரிங்கை அறிய, பிளக் ஓட்டையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, கிக்கரை நாலைந்து முறை மெல்ல இறக்கிப் பாருங்கள். முன்பைவிட நன்றாகக் கெட்டிப்பட்டால் ரிங் அல்லது போர். மாற்றம் இல்லையென்றால் வால்வு. இரண்டரை ஆண்டு நின்றதில் ரிங் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் தானே விடுபடும். அதற்கும் போர் தேவையில்லை.

எண்ணெய் மேலே ஏறுகிறதா என்பதையும் மறக்காமல் பாருங்கள். வலப்பக்கம் ராக்கருக்குப் போகும் சிறு குழாயின் மேல் போல்ட்டை லேசாகத் தளர்த்தி எஞ்சினை ஓடவிட்டால் எண்ணெய் கசிய வேண்டும். கசியவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

உங்கள் வண்டி பிறந்த இடம் பெரம்பூரிலிருந்து சில கிலோமீட்டர்தான். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் சேர்ந்து 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் கட்டிய வண்டி. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. நீண்ட ஸ்ட்ரோக், கனத்த ஃப்ளைவீல், குறைந்த கம்பிரஷன். வண்டியின் சொந்தக்காரரே ஸ்பேனரோடு உட்கார்ந்து சரிசெய்துகொள்வார் என்று நம்பி வடிவமைக்கப்பட்ட எஞ்சின் அது. அந்த நம்பிக்கைக்கு உரியவராக நீங்கள் ஆக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். முதல் ஞாயிறு எண்ணெய், அட்வான்ஸ், பாயிண்ட், டிகம்பிரஷன் கேபிள், டாப்பெட். இரண்டாவது ஞாயிறு டாங்கி, பைலட் ஜெட், பேக்கிங், பெண்ட் பைப் மூட்டு. இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடாதீர்கள், எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் விடியற்காலையில் போக்குவரத்து எழுமுன் கத்திப்பாராவில் அதே சரிவில், அதே வேகத்தில், அதே இடத்தில் மூடி இறங்கிப் பாருங்கள்.

அப்பாவின் டூல் பெட்டியில் துணியில் சுற்றிய பழைய பாயிண்ட் செட் ஒன்று இருக்கும். அந்தக் காலத்து ஆட்கள் எல்லோரும் வைத்திருந்தார்கள். அதை எறிந்துவிடாதீர்கள். ஹீல் தேயாமல் இருந்தால், முகத்தைத் தட்டையாகத் தேய்த்து, ஒரு கண்டன்சரோடு அதே துணியில் சுற்றிப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.